எக்ஸ்பிரஸ் மாமாவின் கட்டைவிரல் நகம்

எண்பது கிலோமீட்டர் ஓடி முடித்த மறுநாள் காலை எங்கள் அக்கா படுக்கையை விட்டு எழுந்ததை எழுந்தாள் என்று சொல்ல முடியாது. முதலில் உருண்டாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்தாள், அலமாரிக் கைப்பிடியைப் பிடித்தாள், கடைசியில் என் தலைமுடியைப் பிடித்தாள். கணக்குப் பெட்டியில் இருக்கும் கவராயம் மாதிரி காலை விரித்து விரித்துக் குளியலறை வரைக்கும் போனாள். உள்ளே உட்காரும்போது "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது.

அதே நொடியில் கட்டிலில் படுத்திருந்த மாமாவும் "அம்மா" என்றார். அவர் அசையக்கூட இல்லை.

அந்த இரண்டாவது அம்மாவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மாமா என்றால் அக்காவின் புருஷன். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று நான்காம் மாடிக்கு ஏறிப் போய், காலிக் கேன்களோடு விசிலடித்துக்கொண்டு இறங்கி வருவார். லிஃப்ட் இருக்கும் கட்டடத்திலும் படிதான். லிஃப்டுக்குள் அவர் வேகத்தைப் பார்க்க ஆள் இருக்காது, அதுதான் காரணம் என்பது என் கட்சி. தெருவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். யார் வைத்தது என்று அவரைக் கேட்டால் தெருவைக் கை காட்டுவார். தெருவைக் கேட்டால் அவரைக் கை காட்டும்.

அக்காவுக்குச் சலவைக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நீராவி இஸ்திரி மேசை முன்னால் நிற்க வேண்டும். அங்கே இருக்கும் ஒரே நாற்காலி முதலாளியுடையது. எனக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் ஒத்துப்போகாததால் நானும் அதே கடைக்கு வந்து சேர்ந்தேன். துவைக்க வரும் துணிகளின் காலருக்குள், யார் வீட்டுத் துணி என்று கறுப்பு மைப் பேனாவால் குறி போடுவது என் வேலை. அந்த மை சோப்புக்கும் போகாது, கொதிக்கிற தண்ணீருக்கும் போகாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்தான் போகும். ஒருநாள் மதியம் முதலாளி தூங்கும்போது அவர் காதுமடலுக்குப் பின்னால் ஒரு நம்பர் போட்டேன். அது அங்கேயேதான் இருக்கிறது. தன் காதின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அதிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் பிசாசு.

மாமாவுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது போன வருடம். கேன் போடப் போன ஒரு வீட்டின் கூடத்தில் கண்ணாடிக்குள் ஒரு பதக்கம் தொங்கியதாம். மாரத்தானில் ஓடியது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று அந்த வீட்டுக்காரர் சொன்னாராம். அன்று முழுக்க மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்திரண்டு என்ன நாற்பத்திரண்டு, நான் எண்பது ஓடுகிறேன் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை ஓடக் கிளம்பியவர் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். தெருமுனையில் ஒரு நாய். நான்கு மாடிக்குக் கேன் தூக்குகிற மனிதருக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது நாயிடம்தான். அதனால் அக்காவை எழுப்பினார். அக்கா கையில் ஒரு குச்சியோடு பின்னால் வந்தாள். முதலில் ரப்பர் செருப்பில், பிறகு ஒரு மலிவான ஷூவில். மழையிலும் வந்தாள், காய்ச்சல் விட்ட மறுநாளும் வந்தாள். மாமா எத்தனை தூரம் ஓடினாரோ அத்தனை தூரமும் குச்சியோடு ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது மாமா அக்கா பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். ஏரிக்கரையில் நாய் இருக்குமே.

ஏரியைச் சுற்றிப் பத்து சுற்று ஓட வேண்டும். நான் வாழைப்பழமும் உப்புப் போட்ட தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒரு மேசை பக்கத்தில் நின்றேன். மாமா முதல் ஐந்து சுற்றும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் போனார். பின்னால் அக்கா, எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற பாசஞ்சர் மாதிரி, என் மேசையில் நின்று, தண்ணீர் குடித்து, என் கன்னத்தைக் கிள்ளி, கிளம்பிப் போனாள். ஏழாவது சுற்றில் மாமா நொண்டிக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடித்துக்கொண்டு, ரெண்டே நிமிஷம் என்று சொல்லி, எனக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மாதிரி ஓட்டத்தில் நாற்காலியில் உட்காரக் கூடாதாம், உட்கார்ந்தால் கால் பூட்டிக்கொள்ளுமாம். அவர் எழப் பார்த்தபோதுதான் பக்கத்து மேசைக்காரர் இதைச் சொன்னார்.

அக்கா வந்து சேர்ந்தபோதும் மாமா நாற்காலியில்தான் இருந்தார். அவள் நின்றாள். நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்கிற மாதிரி குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"நீ போ," என்றார் மாமா.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

கடைக்காரர் மரியாதைக்காக எடுத்துக்கோங்க என்று சொல்ல, வந்தவர் ஜாடியோடு எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் முகம் எப்படி இருக்கும்? மாமா முகம் அப்படி இருந்தது. குச்சி மேசையிலேயே கிடந்தது.

அவள் முடித்தபோது இருட்டிவிட்டது. பந்தலைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். மாமா நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார், கைகள் சேர்ந்தன, சத்தம் மட்டும் வரவில்லை.

பொறாமை எனக்குப் புதிதில்லை. கல்யாணம் வரைக்கும் அக்காவின் இடது பக்கம் என் இடம். அவள் கையை என் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அந்த இடத்துக்கு எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்ததிலிருந்து நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாயில் படுக்கிறேன். ஆகவே ஒருவருக்கு வயிறு எரிந்தால் எனக்கு வாசனையே தெரிந்துவிடும். அந்த வாரம் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்.

கட்டிலில் இருவரும் படுத்துக்கொண்டு காலைச் சுவரில் தூக்கி வைத்திருப்பார்கள். சுவரில் நான்கு பாதம். அக்காவின் கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது, தலையணை மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு கட்டைவிரல் நகமும் ஷூ நுனியில் இடித்து இடித்துக் கறுத்துப்போயிருந்தன. பசி என்றால் அப்படி ஒரு பசி. நான்கு முட்டை தின்றுவிட்டு ரொட்டி கேட்பாள். குழாய் சொட்டுகிறது என்று அழுதாள், குழாயை மூடியதும் மூடிவிட்டாயே என்று அழுதாள். படி இறங்குவதாக இருந்தால் மாடிப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது.

கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார், எலும்பு ஆஸ்பத்திரியில் வேலை. வந்து பார்த்தார். அக்காவின் வீக்கம் சில நாளில் வடியும், நன்றாகச் சாப்பிடு, தண்ணீர் குடி, தூங்கு, வலி மாத்திரை மட்டும் வேண்டாம், நகம் தானாக விழும், பிடுங்காதே என்று சொன்னார். பிறகு மாமாவின் கால் எலும்பில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். மாமா கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பி விழுந்தார். நர்ஸ் முகம் மாறியது. இது சதை வலி இல்லை, எலும்பில் கீறல் இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்கும் வரை ஓட்டமும் கூடாது, கேனும் கூடாது என்றார். மீறினால் முழுசாக உடையும், அப்புறம் மாடிப்படிப் பிழைப்பையே மறந்துவிட வேண்டியதுதான்.

"முழுசா ஓடினவளுக்கே படம் எடுக்கல," என்றார் மாமா. "பாதியில உக்காந்தவனுக்கு எதுக்குங்க படம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் பார்க்க வந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நகத்தைக் குனிந்து பார்த்து, அடேயப்பா என்றார். கிளம்பும்போதுதான் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால் இருப்பதைக் கவனித்து, "நீங்களும் கூடப் போனீங்களாமே, துணைக்கு?" என்று மாமாவைக் கேட்டார்.

அன்றிலிருந்து மாமாவுக்கும் வலி கூடிவிட்டது. அக்காவுக்கு வெந்நீர் கொண்டு வந்தால் அவருக்கும் வெந்நீர் வேண்டும். அவள் ராத்திரி தூக்கமே இல்லை என்றால் இவர் கண்ணே மூடவில்லை என்பார். இதெல்லாம்கூடச் சமாளித்துவிட்டார், நகத்தை மட்டும் அவரால் சமாளிக்க முடியவில்லை. அவள் தூங்கும்போது அந்தக் கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு தன் காலை இழுத்து ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்ப்பார். பத்து நகமும் அன்றுதான் கடையில் வாங்கிப் பொருத்தியது மாதிரி பளபளவென்று இருந்தன.

வாரத்தின் நடுவில் ஒருநாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான் படுத்திருப்பதை மறந்து யாருக்கோ போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் இன்னொரு ஓட்டம், ஐம்பது கிலோமீட்டர். பெயர் கொடுத்துவிட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என் கண்ணைப் பார்த்தார்.

"சின்னதுதான். அம்பதுதான். அக்காகிட்ட வாயத் தொறந்த, உன்னை..."

கால் என்ன ஆகும் என்று கேட்டேன். கால் சும்மா நடிக்கிறது என்றார். அப்படிச் சொல்லும்போதே அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அக்காவிடம் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் வீம்புக்காகவே ஓடுவார். அவருக்குக் குறைவது ஒன்றே ஒன்றுதான் என்று பட்டது. ஊர் குனிந்து பார்க்கிற மாதிரி, அவர் உடம்பில் ஓடியதற்கு ஒரு அத்தாட்சி. அது இருந்தால் மனசு ஆறிவிடும், ஞாயிற்றுக்கிழமையும் கடந்துவிடும்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது கடைப் பேனாவை எடுத்து வந்தேன். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் நகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு மாமாவின் வலது கட்டைவிரலில் ஆரம்பித்தேன். நடுவில் நல்ல கறுப்பு, ஓரத்தில் கொஞ்சம் மெலிதாக, அடியில் வேறொரு பேனாவால் ஊதா. எந்தக் காலரிலும் நான் இவ்வளவு கவனமாகக் குறி போட்டதில்லை. கேலிக்காகத்தான் செய்தாய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா எழுந்தார். காலைச் சுவரிலிருந்து இறக்கினார். நிறுத்தினார். முகத்துக்குப் பக்கத்தில் பாதத்தைக் கொண்டு வந்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். போகவில்லை. மறுபடி கழுவினார். குளியலறையிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. போட்டிக்குப் பிறகு அவர் விசிலடித்தது அப்போதுதான்.

வெளியே வந்தபோது முகத்தை மட்டும் துக்க வீடு மாதிரி வைத்துக்கொண்டார். எனக்கும் போயிடுச்சு என்று காலை நீட்டினார். மூன்றாவது சுற்றிலேயே அந்த விரலில் சுருக்கென்று இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். தையல்காரரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தாள். வருடக்கணக்காக எத்தனை காலருக்கு இஸ்திரி போட்டவள், அந்த மை அவளுக்குத் தெரியாதா? நகத்தைப் பார்த்தாள், பிறகு என் விரல் இடுக்கைப் பார்த்தாள். அங்கேயும் கறுப்பு இருந்தது.

"பாவம். விழுந்துடும்னு நெனைக்கிறேன்," என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா, கால் வலியிலா என்று தெரியவில்லை.

நான் நினைத்தது நடக்கவில்லை. மாமாவின் மனசு ஆறவில்லை, கொதித்தது. அன்று சாயங்காலமே ஷூவைத் துடைத்துக் காலிக் கேன்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நகம் போகிற அளவுக்கு ஓடியவனுக்கு ஐம்பது என்ன பெரிய ஐம்பது என்று என் காதில் சொன்னார். எரிகிற அடுப்பில் நானே எண்ணெய் ஊற்றிவிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பினாள். நீராவிக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன், போன், ஐம்பது கிலோமீட்டர், ஷூ. ஒரே சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டாள். அவள் கேட்டது ஒன்றுதான், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம். சத்தம் வராமல் இருக்க ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா கதவைத் திறந்தார். நான் பாயிலிருந்து எழுந்து போய் அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே, மேல்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் நாய்க் குச்சி.

"அங்கயும் நாய் இருக்கும்ல," என்றாள்.

மாமா ஷூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு உன்னால் இன்னும் நேராகப் படி இறங்க முடியாதே என்றார். பின்பக்கமாக இறங்குவேன், கீழ்ப்படியில் நின்று பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முதுகைக் காட்டித் திரும்பினாள். அவர் ஒரு படி கீழே, அவள் ஒரு படி மேலே. அவள் ஒரு காலை இறக்க, அவர் இடுப்பைப் பிடித்துத் தாங்க, பிறகு அவரும் ஒரு படி இறங்க. ஒவ்வொரு படியிலும் வலது காலை ஊன்றும்போது மாமாவின் மூச்சு நின்று வந்தது. முதல் திருப்பத்தில் அந்தக் கால் வழுக்கி, வெறும் பாதம் படியின் விளிம்பில் உரசியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷூ இரண்டும் கீழே உருண்டன.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து, "அம்மா" என்று மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா காலைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

"அன்னிக்கு நீ போன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"போவேன்னு நெனைக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போன?"

"தெரிஞ்சுதான் போனேன்," என்றாள் அக்கா. "ஒரு தடவ நாய்க்காக இல்லாம ஓடிப் பாக்கணும்னு இருந்துச்சு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு வயிறு எரியுது," என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எரியட்டும். கால நீட்டுங்க."

அவர் நீட்டினார். வீங்கியிருந்த அந்த இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்தாள், அழுத்தாமல், சும்மா. அந்தப் படியில் மூன்று பேர் உட்கார இடமிருந்தது. நான் மேலேயே நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் எரியத்தான் செய்தது.

பிறகு அக்கா திரும்பிப் பார்க்காமலே, "மேல நின்னு வேடிக்கை பாக்காம நர்ஸக்காவ எழுப்புடி பிசாசே," என்றாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. இன்று ஓடியிருந்தால் இரண்டாகியிருக்கும், நல்லவேளை, ஆறு வாரக் கட்டோடு போயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்தார். கட்டுப் போடும் முன், படியில் உரசிய காயத்தைச் சுத்தம் செய்ய எங்கள் நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பாதத்தைத் துடைத்தார். பஞ்சு கறுப்பானது. இன்னொரு பஞ்சு எடுத்தார். அதுவும் கறுப்பு. அடியில் ஊதா. மூன்றாவது பஞ்சில் மாமாவின் கட்டைவிரல் நகம் ரோஜா நிறத்தில் வெளியே வந்தது.

நர்ஸ் அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். நான் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்தேன். மாமா பஞ்சைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். அறை விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இந்த நகம் நல்லாதான் இருக்கா?" என்று நர்ஸைக் கேட்டார்.

நூறு வயசு வரைக்கும் வரும் என்றார் நர்ஸ். நல்ல நகம் இருப்பதற்காக இப்படி ஒரு மனிதர் வருத்தப்பட்டதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மாமா என்னோடு பேசவில்லை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கட்டு, நுனியில் ஐந்து விரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. கேன் கம்பெனியில் போய்ச் சொன்னபோது, கட்டுப் பிரிக்கும் வரை கேன் கழுவும் இடத்தில் மேற்பார்வைக்கு உட்காரச் சொன்னார்கள், நாற்காலி போட்டு. நாற்காலி என்றதும் மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரரின் செருப்பு, தூரத்திலேயே தெரியும். இந்த முறை அவர் மாமாவைப் பார்க்கத்தான் வருகிறார். கட்டிலில் காலை நீட்டியிருந்த மாமா கதவைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையாட்டினார்.

"பிசாசு, அந்தப் பேனா இருக்கா?"

பையில்தான் இருந்தது. மூடியைக் கழற்றி உட்கார்ந்தேன். அவர் விரல் ஆடியது. அக்கா கட்டிலின் மறுபக்கத்திலிருந்து நகர்ந்து வந்து, என் தோள்மேல் தாடையை வைத்து, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இடது பக்கம் நான் இருந்தேன். நடுவில் கறுப்பு, ஓரத்தில் மெலிதாக. செருப்புச் சத்தம் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. கட்டைவிரலை முடித்துவிட்டுப் பக்கத்து விரலுக்குப் பேனாவைக் கொண்டு போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு போதும்டி. எனக்கே ரெண்டுதான்."